எல்லை மரத்தடியில் என் தகரப்பெட்டி

எங்கள் யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கென்று உயரமாக ஏதாவது உண்டென்றால் அது பனைமரம்தான். அதிலும் நான் ஏறியதில்லை. நாற்பத்தேழு வயதுவரை மட்டமான பூமியில் நடந்து, வாரநாட்களில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடமும் சொல்லிக்கொடுத்து வந்த என்னைக் கொல்லிமலைக்கு ஏற்றிவிட்டது என் தங்கச்சி ரத்தினத்தின் கடிதம்.

ரத்தினம் சேலத்துப் பக்கத்து மருந்தாளர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, மலைமேல் திண்ணனூர் நாட்டில் ஒரு சின்ன மிஷன் டிஸ்பென்சரியில் ஆறு வருஷமாகக் குடியிருந்தாள். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ஒருநாள் விட்டு ஒருநாள் முறைக்காய்ச்சல் வருகிறது. யுத்தத்தினால் அதற்கான கொயினா மருந்து எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் கடைசியாக இருந்ததை ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். கவலைப்படாதேயுங்கள் அக்கா, கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி. கையில் இருந்த மருந்தைத் தானம் பண்ணிவிட்டுப் படுத்துக்கொண்டால் அவர்தான் என்ன செய்வார்? ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என் சிநேகிதியிடம் பல்லைக் காட்டி, கெஞ்சி, கடைசியில் அழுதும் காட்டி ஒரு போத்தல் கொயினா மாத்திரை வாங்கினேன். அதைப் பஞ்சில் சுற்றி, காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவுக்குள் புதைத்து, மா டின்னைத் தகரப்பெட்டியின் அடியில் வைத்து, மேலே துணி, அவித்துக் காயவைத்த புழுக்கொடியல், மிளகாய்த்தூள் எல்லாம் அடுக்கி, பெட்டிக்குக் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டினேன். என்னென்ன வைத்தேன் என்று ஒரு பட்டியல் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டவும் செய்தேன். நான் அப்படிப்பட்டவள்.

கப்பலையும் ரயிலையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கரி பஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன்.

பெட்ரோல் பஞ்சத்தில் பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். சேந்தமங்கலத்தில் கிளீனர் அரைமணி நேரம் ஒரு கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி அடுப்பை ஊதினார். பிறகு பஸ் இருமியது, புகைந்தது, ஓடியது. அதன் நெற்றியில் வேப்பிலைக் கொத்தும் எலுமிச்சம்பழமும் கண்ணேறு படாமல் தொங்கின. இந்த லட்சணத்தில் இருக்கிற பஸ்ஸை யார் கண் வைக்கப்போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இரண்டு கோழிகளை மடியில் வைத்திருந்த ஒரு அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, எந்தூருங்க?"

"யாழ்ப்பாணம்."

"அது ராசிபுரத்துக்கு அந்தாண்டைங்களா?"

"ஓம், கொஞ்சம் தள்ளி."

ஒரு சின்ன மேட்டில் பஸ் நின்றுவிட்டது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். போதவில்லை. பெண்களும் இறங்கினோம். பள்ளிக்கூடத்தில் நாற்காலியைக்கூட நகர்த்த விடமாட்டார்கள் என்னை. இங்கே ஒரு கையில் குடையும் மறுகையில் அந்த அம்மாளின் கோழி ஒன்றுமாக, தோளைக் கொடுத்து பஸ்ஸைத் தள்ளினேன். ஓட்டுநர் மட்டும் இறங்கவில்லை. "நல்லா அழுத்துங்க, நல்லா அழுத்துங்க" என்று உள்ளேயிருந்து உற்சாகப்படுத்தினார். என் கண் முழுக்கப் பஸ்ஸின் கூரையிலிருந்த தகரப்பெட்டியின் மேலேயே இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அதுவரை அந்தப் பெட்டி என் பார்வையை விட்டு அகலவில்லை. ரயிலில் அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

அன்றைக்கு மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டியில், என் தங்கச்சி புருஷனுக்குப் பழக்கமான ஒரு வண்டிக்காரர் வீட்டில் தங்கினேன். கம்பஞ்சோற்றை உருண்டையாகப் பிடித்து மோரில் கரைத்து, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் கொடுத்தார்கள். புட்டும் சம்பலும் தின்று வளர்ந்த வயிறு முதலில் யோசித்தது. இரண்டாவது உருண்டையில் சம்மதித்துவிட்டது. வண்டிக்காரர் மனைவிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாகத்தான் இருக்கும். அவள் என் கிண்ணத்தைப் பார்த்து, "நல்லா சாப்புடு கண்ணு, நாளைக்கு மல ஏறோணும்" என்றாள். என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு முப்பது வருஷமாகியிருந்தது. ரொம்பச் சந்தோஷமாகிவிட்டது. இன்னும் ஒரு உருண்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை ஏற சடையக் கவுண்டர் வந்தார். குண்டனி நாட்டுக்காரர். மெலிந்த மனிதர், மார்பில் நரைத்த முடி. அந்தப் பெட்டியைப் பூக்கூடையை வைப்பதுபோலத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மலையில் இருக்கிற ஊர்களை நாடு நாடாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்றும், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி எல்லை உண்டென்றும் அவர் நடந்துகொண்டே சொன்னார். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. பனைமரத்தில் ஏறியாவது பழகியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். ஒருதரம் உட்கார்ந்த வாக்கில், ஒருதரம் குடையின் மேலே. கவுண்டர் திரும்பிப் பார்த்து, "மெதுவா வாங்க அம்மிணி, மல எங்கியும் போயிராது" என்றார்.

மத்தியானத்துக்கு முன்னே ஒரு பெரிய நாவல்மரத்தடிக்கு வந்தோம். கவுண்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தலைச்சும்மாட்டை உதறினார்.

"எங்க நாடு இதோட முடியுதுங்க. இதுக்கு மேல திண்ணனூர் நாட்டு ஆளுங்க வந்து எடுத்துக்குவாங்க."

"எப்போது வருவார்கள்?"

"வருவாங்க."

"நீங்களே கொண்டுவந்தால் என்ன? கூடக் கூலி தருகிறேன்."

அவர் முகம் சுருங்கியது. "அந்த நாட்டுல சொமை தூக்கறது அவிங்க பாத்தியமுங்க. நான் தூக்கினா நாளைக்கு எந்த மூஞ்சியோட அவிங்களப் பாக்கறது? நீங்க இந்தத் தடத்தையே புடிச்சுப் போங்க. டிஸ்பென்சரி ஊடு ஒரு கூப்பிடு தூரந்தானுங்க."

சொல்லிக்கொண்டே மரத்திலிருந்து தழையோடு ஒரு கொப்பை ஒடித்து, பெட்டிக் கயிற்றில் செருகினார். "தழை வெச்சாச்சுங்க. இனி உங்களுக்குக் கவலையில்லீங்க" என்றார். தினைக் கொல்லையில் குருவி விழுந்துவிடும் என்று அவசரமாக இறங்கிப்போய்விட்டார்.

நான் பெட்டியைப் பார்த்தேன். பெட்டி என்னைப் பார்த்தது. போத்தலை மட்டும் எடுத்துக் கையில் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். ஆனால் இரண்டுதரம் விழுந்தவள் நான். மூன்றாந்தரம் விழுந்தால் கண்ணாடிப் போத்தலின் கதி என்ன? என் காலைவிட மலைக்காரர் தலையே மேல் என்று தீர்மானித்தேன். அப்போதுதான் அந்தத் தழை கண்ணை உறுத்தியது. பஸ்ஸின் நெற்றியில் தொங்கிய வேப்பிலை ஞாபகம் வந்தது. ஓகோ, இதுவும் கண்ணேறு கழிக்கிற காப்புத்தானா? மூன்று தலைமுறையாக வேதக்காரர் நாங்கள். இருபது வருஷமாக ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சிட்டுக்குருவிப் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு குருவிகூடக் கடவுளுக்குத் தெரியாமல் கீழே விழாது என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டியவள், பெட்டிக்குத் தழை செருகி அனுப்புவதா?

தழையை உருவிப் பள்ளத்தில் வீசினேன். பெட்டியின் மேல் கையை வைத்து, "ஆண்டவரே, இது உம்முடைய பொறுப்பு" என்று ஜெபம் பண்ணினேன். மனசு நிறைந்துவிட்டது. பெரிய விசுவாசக் காரியம் ஒன்று செய்துவிட்டதாக நினைத்து, வலிக்கிற முழங்காலோடு மிடுக்காக நடந்தேன்.

ஒரு கூப்பிடு தூரத்தை நடக்க எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. இந்த மலைக்காரர்கள் கூப்பிட்டால் யாழ்ப்பாணத்திலேயே கேட்கும் போலிருக்கிறது.

புல் வேய்ந்த வீடு. சுற்றிலும் மிளகுக் கொடி. உள்ளே ரத்தினம் மூன்று கம்பளிக்குக் கீழே பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னே நான் கப்பலேற்றிவிட்ட பெண் இவள்தானா?

"அக்கா, வந்திட்டியளோ? சாப்பிட்டீங்களா?" என்றாள். பாதி யாழ்ப்பாணமும் பாதி மலையடிவாரமுமாக அவள் பேச்சு மாறியிருந்தது. அவள் புருஷன் கொயினா தேடிச் சேலத்துக்குப் போய் மூன்று நாளாகிவிட்டதாம். நான் வருவதாகப் போட்ட கடிதம் அவள் தலைமாட்டில் பிரிக்கப்படாமல் கிடந்தது. கண் தெளிவாக இருக்கிற நாளில் படிக்கலாம் என்று வைத்திருந்தாளாம்.

"மருந்து வருகுது பிள்ளை. பின்னாலே பெட்டியிலே வருகுது" என்றேன்.

பெட்டி வரவில்லை. சாயங்காலம் வரவில்லை. விளக்கேற்றியும் வரவில்லை.

அடுத்த நாள் பூராவும் மழை. யாழ்ப்பாணத்தில் மழை மேலேயிருந்து விழும். இங்கே மழை பக்கவாட்டில் வந்து, வீட்டுக்குள் நுழைந்து, உட்கார்ந்துகொள்கிறது. பத்தடிக்கு அப்பால் மிளகுக் கொடியும் தெரியவில்லை. அன்று ரத்தினத்துக்குக் காய்ச்சல் இல்லாத நாள். எழுந்து உட்கார்ந்து, சாமைச் சோற்றையும் அவரைக் குழம்பையும் எனக்குப் பரிமாறப் பார்த்தாள். கரண்டி கையில் நிற்கவில்லை. நாளை மத்தியானம் மறுபடியும் காய்ச்சல் வரும். இன்னும் இரண்டுமுறை அந்த நடுக்கம் வந்தால் இந்த உடம்பு தாங்காது என்பது மருத்துவம் படிக்காத எனக்கே தெரிந்தது. நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தேன்.

"பெட்டி தூக்கிற ஆக்களுக்கும் மழைதானே அக்கா. இருங்களேன்."

"களவு போயிருக்கும். நான் ஒரு மடைச்சி, விட்டுவிட்டு வந்தேன்."

"இஞ்ச ஒருத்தரும் களவெடுக்கமாட்டினம்."

"நீ மருந்தைக் கொடுத்திராவிட்டால் இந்தப் பாடு உண்டா? கர்த்தர் பார்ப்பார், கர்த்தர் பார்ப்பார் என்கிறாய். உலகம் முழுக்கக் குண்டு விழுகுது. கோடிச் சனம் அவரைக் கூப்பிடுது. அதற்கு நடுவிலே உன் காய்ச்சலுக்கு மாத்திரை எண்ணிக்கொண்டா இருப்பார்?"

வாயிலிருந்து வந்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ரத்தினம் கோபிக்கவில்லை.

"நாங்கள் ஏழு பிள்ளையள். ஒரு நாள் பல்லுக்கொதி நோவிலே நான் சாப்பிடாமல் வேலிப் படலைக்குப் பின்னாலே ஒளிச்சு நிண்டனான், ஞாபகமோ? அம்மா சோத்துக் கோப்பையை எண்ணியா கண்டுபிடிச்சவ? ஏழு பேரிலே எவள் சாப்பிடேல்லை எண்டு அவவுக்குத் தெரியும். அவ்வளவுதான் அக்கா. வேற ஒண்டும் எனக்கு விளக்கத் தெரியாதுங்க."

அந்த 'ங்க'வில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அடுப்படிக்குப் போய், ஈர விறகை ஊதுகிற சாக்கில், நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். பெட்டியை உம்மிடம்தானே ஒப்படைத்தேன், எங்கே வைத்தீர் என்று கேட்டேன். கண்ணெரிச்சலுக்குப் பாதி புகை காரணம்.

மூன்றாம் நாள் காலை மழை விட்டது. பெட்டியைத் தேடி நானே போவது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டிருந்தபோது வாசலில், "அம்மிணி இருக்கறீங்களா?" என்று குரல் கேட்டது. முழங்கால்வரை சேறோடு ஒரு இளம்பெண் நின்றாள். பெயர் வெள்ளையம்மா, குண்டனி நாட்டிலிருந்து வருகிறாள். ரத்தினம் கடைசிக் கொயினாவைக் கொடுத்தது இவள் பிள்ளைக்குத்தான்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு துணி, துணிக்குள் ஒரு காய்ந்த இலை, இலைக்குள் மாத்திரைகள்.

"பத்து நாளைக்குத் தின்னச் சொல்லிக் குடுத்தீங்க. புள்ள நாலு நாள்லயே எந்திரிச்சு, களி வேணும்னு அழுதானுங்க. நல்லா ஓடியாடறானுங்க. மிச்சத்த வெச்சுட்டு நாங்க என்னங்க பண்றது? மருந்து உங்க ஊட்டுது. அதான் கொண்டாந்தேன்."

ரத்தினம் மருந்தாளர் மனைவியாயிற்றே. "அப்படி நிறுத்தக்கூடாது வெள்ளையம்மா, பத்து நாளும் கொடுக்கோணும்" என்று படுக்கையிலிருந்தே கண்டித்தாள். நான் அதற்குள் ஒரு மாத்திரையை எடுத்து, தண்ணீரை ஊற்றி, கண்டித்துக்கொண்டிருந்த வாய்க்குள் போட்டுவிட்டேன். வெயில் இன்னும் முற்றத்துக்கு வரவில்லை. காய்ச்சல் வருவதற்கு நேரமிருந்தது.

"நீ ஏன் இன்றைக்கு வந்தாய்?" என்று வெள்ளையம்மாவைக் கேட்டேன். கனவு கண்டேன், குரல் கேட்டேன் என்று ஏதாவது சொல்வாள் என்று எனக்கு ஆசை.

"நேத்து மழைங்க. அதுக்கு முந்தி தினைக் காவலுங்க. இன்னைக்குத்தான் ஒழிஞ்சுது" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். இந்தத் தடவை விறகு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது.

வெள்ளையம்மாவுக்குக் குச்சிக்கிழங்கு அவித்துக் கொடுத்தேன். எங்கள் ஊரில் இதை மரவள்ளி என்போம், ருசி ஒன்றுதான். தின்றுகொண்டே அவள் சொன்னாள்: "எல்ல மரத்தடியில ஒரு தகரப் பொட்டி கெடக்குதுங்க. பாவம், ஆருதோ. மழையில நல்லா நனஞ்சு போயிருக்குது."

கிழங்குத் தட்டு என் கையிலிருந்து விழுந்தது.

"என்னுடையது! ஏன் யாரும் எடுக்கவில்லை?"

"தழை இல்லீங்களே."

பிறகு அவள் பொறுமையாக விளக்கினாள். தழை செருகியிருந்தால், கொண்டுவந்தவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், அடுத்த நாட்டு ஆள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். தழை இல்லாவிட்டால், சொந்தக்காரர் இன்னும் விடவில்லை, தண்ணீர் குடிக்கவோ ஒதுங்கவோ போயிருக்கிறார், பக்கத்தில்தான் இருக்கிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட சுமையைத் தொடுவது மலையில் பெரிய அவமானம். வழியில் அவளிடம் சொன்னார்களாம், திண்ணனூர் ஆட்கள் அன்றைக்கே வந்திருக்கிறார்கள். ரொம்ப நேரம் பெட்டிக்காரரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். நான் வராததால் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

ரத்தினம் கம்பளிக்குள் குலுங்கினாள். காய்ச்சல் வந்துவிட்டதோ என்று பயந்து ஓடினேன். சிரிப்பு. "காப்புத் தழை எண்டு பிடுங்கினீங்களோ அக்கா? ஐயோ, ஞாயிறு பள்ளிக்கூட ரீச்சர்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவள் அப்படிச் சிரித்ததைப் பார்க்க, எத்தனை தடவை வேண்டுமானாலும் வெட்கப்படலாம் என்றும் இருந்தது. உம்முடைய பொறுப்பு என்று வாயால் சொல்லிவிட்டு, அவருடைய ஆட்கள் எடுக்க முடியாதபடி நானே செய்து வைத்திருக்கிறேன். என் பெட்டி மரத்தடியில் கிடந்த அதே நேரத்தில், ரத்தினம் என்றோ கொடுத்த மருந்து முந்தானை முடிச்சில் நடந்து வந்திருக்கிறது.

வெள்ளையம்மா கிளம்பினாள். "அந்த வழியாத்தானுங்க போறேன். தழை வெச்சுட்டுப் போகட்டுங்களா? ஆனா நீங்க சொல்லோணும். உட்டுட்டீங்களா?"

"விட்டுவிட்டேன்" என்றேன். யாழ்ப்பாணத்தில் கயிறு கட்டிய நாளிலிருந்து அப்போதுதான் உண்மையாக விட்டேன்.

மத்தியானம் நடுக்கம் வந்தது. வந்தது, ஆனால் பாதிதான் வந்தது. சாயங்காலம் நான்கு பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கயிற்றில் பெரிதாக ஒரு பச்சைத் தழை. பெட்டிக்கு ஒரு ஆள் போதும். தழையைப் பிடுங்கின அம்மாளைப் பார்ப்பதற்கு மற்ற மூவரும். உள்ளே ஒரு நூல்கூடக் குறையவில்லை. மூடியில் ஒட்டிய பட்டியல் மட்டும் ஈரத்தில் எழுத்தெல்லாம் கரைந்து நீலமாகியிருந்தது. அதை நான் திரும்ப எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து மைத்துனர் சேலத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினார். வாசலில் அவர் மனைவி உட்கார்ந்து மிளகு ஆய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் அப்படியே மண்ணில் முழங்கால் போட்டுவிட்டார். அன்றைக்கு நான் ஒடியற்கூழ் காய்ச்சினேன். மீனுக்குப் பதில் குச்சிக்கிழங்கும் அவரைக்கொட்டையும் போட்டேன். வெள்ளையம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு மிடறு குடித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்து, "நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். பிள்ளை துப்பிவிட்டான்.

மூன்று வாரம் இருந்துவிட்டுக் கிளம்பினேன். எல்லை மரம்வரை திண்ணனூர் ஆள் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். நானே ஒரு கொப்பை ஒடித்து, கயிற்றில் அழுத்திச் செருகினேன். சடையக் கவுண்டர் அதற்குள் மேலேறி வந்துகொண்டிருந்தார். அவருக்கு முழுக் கதையும் தெரிந்திருந்தது. மலையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மனசில் என்னவோ தோன்றியது. இன்னொரு சின்னக் கொப்பை ஒடித்து என் கொண்டையில் செருகிக்கொண்டேன்.

பெட்டியைத் தூக்கிய கவுண்டர் நின்றுவிட்டார். "அம்மிணி, தழை சொமைக்குத்தானுங்க. உங்களுக்கு எதுக்குங்க?"

"நானும் சுமைதான் கவுண்டரே. வண்டிக்காரர் வீட்டம்மா, நீங்கள், வெள்ளையம்மா என்று ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தார் ஆண்டவர். இனி ஊர்வரைக்கும் அவரே ஆள் வைத்திருப்பார்."

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து, என் கொண்டையை ஒரு நிமிஷம் கவனமாகப் பார்த்தார்.

"அப்படீன்னா இன்னுங் கொஞ்சம் ஆழமா சொருகுங்க. எறக்கத்துல காத்து அடிக்கும், உழுந்துரும்."

செருகிக்கொண்டேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னே போய் வளைவில் மறைந்தார். நான் அவசரப்படாமல் பின்னே இறங்கினேன்.